சோக்கை இழுத்தால் மட்டும் போதாது

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி தலைகுந்தா புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் அந்த விடியலில், இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற பழைய அம்பாசடரைக் கிளப்புவது லேசுப்பட்ட காரியமல்ல. செல்ஃப் அடிக்கும், இன்ஜின் சுற்றும், பிடிக்காது. பேட்டரி இறங்குவதற்குள் யாராவது ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு கார்புரேட்டர் பக்கம் போய்விடுவார். பெரும்பாலும் அதன்மேல் பிழையே இருக்காது.

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எரியாது, ஆவியாக வேண்டும். சூடான இன்ஜினில் எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது முழுதாக எரிவதற்கான அளவு. சில்லிட்ட மேனிஃபோல்டிலோ பாதி பெட்ரோல், இட்லிப் பானை மூடியில் ஆவி நீராய்க் கோப்பதுபோல, சுவரிலேயே படிந்துவிடுகிறது. சிலிண்டருக்குள் பற்றும் அளவுக்கு ஆவி சேர வேண்டுமானால் பல மடங்கு பெட்ரோலை ஊற்றியாக வேண்டும். சோக் செய்யும் வேலை அதுதான்.

1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர், இங்கிலாந்தின் ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கியது. காற்றின் இழுப்புக்கு ஏற்ப உள்ளே ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். அதன் அடியில் தொங்கும் கூர்ஊசி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அதைப் பொறுத்துப் பெட்ரோல் வரும். சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கி, ஊசியைச் சுற்றி வழி அகலமாகும். எவ்வளவு எளிமையான ஏற்பாடு! இதில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. ஆகவே செல்ஃப் அடிக்கும் முன் பெடலை மிதிமிதியென்று மிதிப்பதால் ஒரு சொட்டுகூடக் கூடுதலாக வராது. காலை எடுத்துவிட்டு, சோக்கை முழுதாக இழுத்து, செல்ஃப் அடிப்பதே முறை. பிடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிவிட வேண்டும். சோக்கை இழுத்தபடியே குன்னூர்வரை இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு போய் இன்ஜின் ஆயிலில் கலக்கிறது, சிலிண்டர் போர் தேய்கிறது.

மிக்சரில், அதாவது காற்று-பெட்ரோல் கலவையில், கை வைப்பது கடைசி வேலை. டேப்பெட் 0.015 அங்குலம், பாயின்ட் 0.015, பிளக் 0.025, பிறகு டைமிங். இவை சரியாக இருக்க வேண்டும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் ஏர் இழுக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பிஸ்டனுக்கு மேலுள்ள டாஷ்பாட்டில் ஆயில் வற்றியிருந்தால் பிக்கப்பின்போது பிஸ்டன் சட்டென்று மேலே துள்ளி, வண்டி திணறும். ஆயில் விட்டாலே தீர்ந்துபோகும் கோளாறுக்கு ஜெட்டைத் திருகி எத்தனை வண்டிகளைக் கெடுத்திருக்கிறார்கள்!

இவ்வளவும் முடிந்து, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, கார்புரேட்டரின் பக்கவாட்டில் அடியிலுள்ள சிறு பின்னை விரலால் மேலே தள்ளுங்கள். பிஸ்டன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக எழும்பினால் போதும். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஐடிலிங் வேகம் ஏறி அப்படியே நின்றால் மிக்சர் ரிச், பெட்ரோல் அதிகம். உடனே விழுந்து இன்ஜின் தடுமாறினால் லீன், பெட்ரோல் குறைவு. நூலளவு ஏறிப் பழைய நிலைக்கே திரும்பினால் சரி. ஜெட்டின் அடியிலுள்ள அறுகோண நட்டை ஒரு தடவைக்கு அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு மட்டும் திருப்பி, மறுபடி பின்னைத் தள்ளிக் கேட்க வேண்டும். ஜெட் மேலே ஏறினால் லீன், இறங்கினால் ரிச். சிறிது தூரம் ஓட்டிப் பிளக்கைக் கழற்றினால் அதுவும் சாட்சி சொல்லும்: கரி அப்பியிருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன், இளம்பழுப்பு நல்லது.

இப்போது இதில் இரண்டு கணக்குகள் குறுக்கிடுகின்றன. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே சுமார் 10 சதவீதம் ரிச்சாக ஓடும். மறுபக்கம், இன்று பெட்ரோல் பங்க்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும், 14.7 என்பது 13.5 அளவுக்கு இறங்குகிறது. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. அதே அளவைத்தான் விடும். ஆகவே மிக்சர் லீனாகிறது. எத்தனால் ஆவியாக வெப்பமும் அதிகம் உறிஞ்சும், மேனிஃபோல்டு மேலும் சில்லிடும். முன்பு பாதி சோக்கில் கிளம்பிய வண்டி இப்போது முழுச் சோக் கேட்பது இதனால்தான்.

மலையில் இந்த இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. அதே வண்டி மேட்டுப்பாளையம் இறங்கியதும் லீனாகி, பிக்கப் செத்துப்போகும். சமவெளியில் ஓடும் அம்பாசடருக்குப் பழைய செட்டிங் இனிப் பொருந்தாது. புதுப் பெட்ரோல் ஊற்றி, அது ஓடுகிற ஊரிலேயே ஜெட்டை ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ இறக்கிப் பாருங்கள். கையோடு ரப்பர் பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் ஊறி வெடித்துச் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும்.