கடல் கடந்த மதுரைவீரன்

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே காவல் தெய்வமாக நிற்கும் மதுரைவீரன், அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்கு அப்பால், கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவிலும் 'மால்தெவிலன்' என்ற பெயருடன் மாரியம்மனுக்குத் துணையாக வழிபடப்பட்டு வருகிறான்.

அவனைத் தம் நெஞ்சில் சுமந்து சென்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 1848-இல் அடிமை முறை ஒழிந்து, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் நியாயமான கூலி கேட்கத் தலைப்படவே, கரும்புத் தோட்ட முதலாளிகளான வெள்ளையர், அக்கூலியைத் தாழ்த்தும் உபாயமாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் வழியே நம்மவரை வரவழைத்தனர். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்னும் கப்பல் முதற் கூட்டத்தை இறக்கியது. 1889 வரையில் அத்தீவுக்குச் சென்ற இந்தியர் 40,000-க்கும் மேற்பட்டோர்.

நிறத்தைக் கொண்டே அந்தஸ்தை நிர்ணயித்த அந்தச் சமுதாயத்தில், தோட்ட முதலாளிக்கு மலிவான உழைப்பாகவும், கறுப்பினத் தொழிலாளிக்குத் தன் கூலியைக் கெடுக்க வந்தவராகவும் காணப்பட்ட இவர்களை, அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகள் உட்பட, அந்நியரென்றே அரசாங்கமும் ஒதுக்கி வைத்தது. அத்தீவின் காப்பெஸ்தேர் என்னும் ஊரில் 1863-இல் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இவர்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று 1904-இல் தொடங்கிய வழக்கும் வாதமும், 1923-இல் பிரெஞ்சுக் குடியுரிமை அங்கீகரிக்கப்பட்ட பிறகே ஓய்ந்தன.

இதை எங்கோ நிகழ்ந்த அநியாயமென்று மதுரைவாசிகள் தள்ளிவிட இயலாது. அருந்ததியர் இல்லத்தில் வளர்ந்து, பொம்மியைக் காதலித்து மணந்து, ஊரைக் காத்தும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்று கதை கூறும் அவ்வீரனைக் காவலுக்கு வைத்து வணங்கிய நகரமே, அவனை வளர்த்த குலத்தாரைக் கோயிலுக்குள் விடாமல் தடுத்து வந்தது. 1939 ஜூலை 8 அன்று ஏ. வைத்தியநாதய்யர், பின்னாளில் அமைச்சரான பி. கக்கன் முதலிய, அவ்வாறு தடுக்கப்பட்ட வகுப்பினரை அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்த பின்னரே அத்தடை தகர்ந்தது.

குவாதலூப்பில் வாக்குச் சீட்டும் மதுரையில் சந்நிதியும் ஒரே கேள்வியை எழுப்பின: ஒருவனுடைய உழைப்பையும் காவலையும் ஏற்றுக்கொண்ட சமூகம், அவனைத் தன்னவனென்று ஏற்காதிருப்பது தர்மமாகுமா? சட்டம் இரண்டு இடங்களிலும் விடை கூறிவிட்டது. நம் கிராமங்களில் கோயில் வாசலிலும் தண்ணீர்த் துறையிலும் எஞ்சியுள்ள விலக்கை ஒழித்து, அந்த விடையை அனுஷ்டானத்தில் நிறைவேற்றும் கடமை நம்முடையது.