ஓடிக் களைத்த காரை வாங்கிய பின்

தோட்டத்து லயங்களில் குடியிருந்த காலத்தில் பெரட்டுக்கு நடந்தே போனோம். வேலைக்காடு தொலைவென்றால் சைக்கிள் இருந்தது. இன்று உம்பாய், மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கு வேலை ஆயர் குரோவிலோ பத்து பிரண்டாமிலோ இருக்கிறது. இரவு வேலை முடிந்து திரும்புகிறவர் பேருந்தை நம்பியிருக்க முடியாது. ஆதலால் சேமிப்பைத் திரட்டி ஒரு பழைய கார் வாங்குகிறோம். வீராவோ, சாகாவோ, மைவியோ, பெரும்பாலும் அது 150,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியாகத்தான் இருக்கும். அத்தகைய காரை வாங்கிய முதல் மாதத்தில் செய்ய வேண்டிய பராமரிப்பைப் பற்றி இன்று பார்ப்போம்.

பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் தேறிவிட்டதே, இனி என்ன கவலை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பரிசோதனை சேசிஸ் எண்ணையும், என்ஜின் எண்ணையும், விளக்கு, பிரேக் போன்றவற்றையும் பார்க்கிறது. என்ஜினைத் திறந்து பார்ப்பது அதன் வேலையன்று. விற்றவர் எதை எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இருந்தால் நம்பலாம். வாய்ச்சொல் ரசீதாகாது. மீட்டரில் உள்ள எண்ணும் அப்படித்தான். 80,000 என்று காட்டும் வண்டியில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், நாம் ரப்பரையே நம்ப வேண்டும். எனவே, ரசீது இல்லாத எதையும் மாற்றப்படாததாகவே கொள்வது நல்லது. இதற்குப் பணம் வேண்டும். கையில் 15,000 வெள்ளி இருந்தால் 12,000 வெள்ளிக்குள் கார் பார்ப்பதே முறை. மிச்சத்தை வண்டிக்கே எடுத்து வைக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது டைமிங் பெல்ட். என்ஜினுக்குள் காற்றையும் புகையையும் திறந்து மூடும் வால்வுகளைப் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தோடு இணைத்து வைப்பது இந்தப் பல்வைத்த பட்டைதான். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பட்டை அறுந்தால் வால்வு நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. பல என்ஜின்களில் இரண்டும் மோதி, வால்வு வளைந்து, தலைப்பகுதியையே கழற்ற வேண்டி வரும். அந்தச் செலவில் பழைய காரின் விலையில் ஒரு நல்ல பங்கு போய்விடும். அறுவதற்கு முன் அது சத்தம் போட்டு எச்சரிப்பதும் அரிது.

வீரா, இஸ்வாரா, காம்ப்ரோ என்ஜினுடன் வந்த ஜென்-2, 2008-இல் வெளிவந்த சாகா ஆகியவற்றில் பெல்ட் இருக்கிறது. மைவியில் சங்கிலி. அதற்குக் குறித்த கெடு இல்லையென்றாலும் எண்ணெய் சுத்தமாக இருந்தால்தான் அது உழைக்கும். பெல்ட்டின் ஆயுள் வண்டிக்கு வண்டி மாறினாலும், பொதுவாக 80,000 முதல் 100,000 கிலோமீட்டர் அல்லது ஐந்தாண்டு என்று கொள்ளலாம். ஓடாமல் கிடந்த வண்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. செயற்கை ரப்பராயினும் சூட்டிலும் எண்ணெய்க் கசிவிலும் சும்மா இருந்தே கெட்டுப்போகும். பெல்ட் மாற்றும்போது அதன் டென்ஷனரையும், அதே பெல்ட்டால் சுழல்வதானால் தண்ணீர்ப் பம்பையும், எண்ணெய் சீல்களையும் சேர்த்தே மாற்றச் சொல்ல வேண்டும். பொருளின் விலையைவிடக் கழற்றி மாட்டும் கூலியே பெரிது. அதை இரண்டு முறை கொடுப்பானேன்? வெட்டிய வண்டிச் சாமான் கடையில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம்; பெல்ட்டும் பம்பும் அங்கே வாங்குவதற்குரியவை அல்ல.

அடுத்தது குளிர்நீர். இங்கே பனியா பெய்கிறது, குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூலண்ட் என்பது உறையாமல் தடுக்க மட்டும் உள்ளதன்று. அது கொதிநிலையை உயர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, உள்ளே துரு பிடிக்காமல் காக்கிறது. வெறும் தண்ணீரில் ஓடிய வண்டியின் ரேடியேட்டரைத் திறந்தால் தேயிலைச் சாயம் போலத் துருநீர் வரும். அடைத்த ரேடியேட்டர் சூட்டை வெளியேற்றாது; சூடேறினால் அலுமினியத் தலைப்பகுதி வளையும். பழைய நீரை வடித்து, அலசி, புதிய கூலண்ட் ஊற்றி, ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போட வேண்டும். மூடியின் அழுத்தம்தான் நீரைக் கொதிக்காமல் பிடித்து வைக்கிறது. ரப்பர்க் குழாய்களை, என்ஜின் ஆறிய பின், கையால் அழுத்திப் பார்க்கலாம். கல்லாக இறுகியிருந்தாலும் சோற்றுப் பதமாகக் குழைந்தாலும் மாற்ற வேண்டியதுதான். சூடேறுகிறது என்றவுடன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பட்டறைகள் உண்டு. அது நோயை மறைப்பதே. என்ஜின் தன் சூட்டுக்கு வராமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும்.

பட்டறையில் ‘மினியாக் ஹித்தாம்’ என்று சொல்லும் என்ஜின் எண்ணெயை வாங்கிய வாரமே பில்டருடன் மாற்றுகிறோம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் கரிய களிம்பு திரண்டிருந்தால், வேகமான கழுவு மருந்து வேண்டாம். பெயர்ந்த களிம்பு எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். சாதாரண எண்ணெயையே ஊற்றி, 1,000 அல்லது 2,000 கிலோமீட்டரில் மறுபடி மாற்றினால் மெல்ல மெல்லச் சுத்தமாகும். மூடியடியில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆட்டோ கியர் வண்டியானால் அதன் எண்ணெயையும் பார்க்க வேண்டும். 2011-இல் வந்த சாகா எஃப்எல்எக்ஸ் போன்ற சிவிடி வண்டிகளுக்கு அதற்கென்று குறித்த எண்ணெயைத் தவிர வேறு ஆகாது.

இதுவரை சொன்னவை தவறினால் வண்டி நிற்கும். பிரேக்கும் டயரும் தவறினால் வண்டி நிற்காது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி; நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. குடும்பத்தோடு கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது எண்ணெய் கொதித்தால் மிதி தரையைத் தொடும், வண்டி வேகம் குறையாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் வெடிப்புக் கண்ட பழைய டயரை மழைநாளில் மூவார் சாலையில் நம்பக் கூடாது.

காற்றுப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில், 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஓட்டிச் சென்ற கர்ப்பிணிப் பெண் ஒருவர் விபத்தில் மாண்டார். தக்காத்தா நிறுவனம் செய்த காற்றுப்பையின் உலோகக் கலம் வெடித்துச் சிதறிய துண்டே காரணம். உள்ளிருக்கும் அம்மோனியம் நைட்ரேட், நம் நாட்டைப் போன்ற வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடுகிறது. இப்படித் திரும்ப அழைக்கப்பட்ட பாகங்களை நிறுவனம் காசில்லாமல் மாற்றிக் கொடுக்கிறது. ஆயின் அழைப்புக் கடிதம் பழைய சொந்தக்காரரின் முகவரிக்கே போயிருக்கும். சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் சேவை நிலையத்தில் நாமே கேட்க வேண்டும். செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் செய்யாமல் விடுகிறார்கள்.

ஸ்பார்க் பிளக், காற்று பில்டர் ஆகியவை சில்லறைச் செலவு; முதல் மாதத்திலேயே முடித்துவிடலாம். அடித்தளம் உப்புக் காற்றில் துருப்பிடிப்பது கடற்கரை ஊர்களின் தொல்லை. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரை அடியில் பீய்ச்ச வேண்டும். அப்சார்பர், புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இல்லை, சத்தம் மட்டும்தான் என்று பட்டறைக்காரர் பார்த்துச் சொன்னால் அடுத்த போனஸ் வரை பொறுக்கலாம். சாயம் அடிப்பது கடைசி. எல்லாம் முடிந்து 1,000 கிலோமீட்டர் ஓடிய பின், காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து எண்ணெய் மட்டத்தையும் கூலண்ட் மட்டத்தையும் மறுபடி பார்த்து, பெல்ட் மாற்றிய நாளையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதிப் பானெட்டின் அடியில் ஒட்டிவிட வேண்டும்.