சில்லரை மூட்டையுடன் போனால் வங்கியில் கட்டணமா? வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம்

டீக்கடை, பெட்டிக்கடை, காய்கறிக்கடை நடத்துகிறவர்களுக்கு தினமும் ஒரு தலைவலி உண்டு. ராத்திரி கடையை சாத்திவிட்டு கல்லாவை கொட்டிப் பார்த்தால் ஒரு குவியல் சில்லரை கிடக்கும். அதை மஞ்சள் பையில் கட்டி மறுநாள் வங்கிக்கு எடுத்துப் போனால், பையை பார்த்ததுமே கவுண்ட்டரில் முகம் மாறிவிடும்.

"இன்னைக்கு கூட்டமா இருக்கு, நாளைக்கு வாங்க", "எண்ணுறதுக்கு ஆள் இல்லை", "காயின் போட்டா தனி சார்ஜ் ஆகும்" என்று ஏதாவது ஒரு பதில் வரும். இரண்டு தடவை இப்படி திரும்பி வந்தவர், மூன்றாவது தடவை வங்கி பக்கமே போவதில்லை. யாராவது கமிஷனுக்கு எடுத்துக்கொண்டால் போதும் என்று தள்ளிவிடுகிறார்.

உண்மையில் வங்கி சில்லரையை வாங்க மறுக்கலாமா? அதற்கு கட்டணம் போடலாமா? சாதாரண வியாபாரி எங்கே போய் கேட்பது? அதுபற்றிய விவரம் வருமாறு:-

கமிஷனில் போகும் காசு

முதலில் இதில் எவ்வளவு பணம் போகிறது என்று பார்ப்போம். ஒரு டீக்கடையில் தினமும் 400 ரூபாய்க்கு 5 ரூபாய் நாணயம் சேருகிறது என்று வைத்துக் கொள்வோம். 80 நாணயம். மாதத்துக்கு 12 ஆயிரம் ரூபாய், அதாவது 2 ஆயிரத்து 400 நாணயம்.

இதை நூற்றுக்கு 5 ரூபாய் கமிஷன் கொடுத்து வெளியே மாற்றினால் மாதம் 600 ரூபாய் காலி. வருடத்துக்கு 7 ஆயிரத்து 200 ரூபாய். ஒரு பிள்ளையின் ஸ்கூல் யூனிபாரம், நோட்டு, புத்தகச் செலவு அதில் அடங்கிவிடும். பால், சர்க்கரை, கேஸ் விலைக்கு நடுவில் நாலு காசு பார்க்கிற கடைக்காரருக்கு இது சின்ன தொகை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நாணயம் அச்சடிப்பது மத்திய அரசு. மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய 4 இடங்களில் நாணய சாலைகள் உள்ளன. அங்கிருந்து வரும் நாணயத்தை வங்கிகள் மூலம் மக்களிடம் கொண்டு சேர்ப்பது ரிசர்வ் வங்கியின் வேலை.

2011-ம் ஆண்டின் நாணயச் சட்டப்படி 1 ரூபாய், அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள், ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரை சட்டப்படி செல்லும் பணம். 50 பைசா நாணயம் 10 ரூபாய் வரை செல்லும். 25 பைசாவும் அதற்கு கீழே உள்ள காசுகளும் 2011-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதியோடு செல்லாமல் போய்விட்டன.

இந்த ஆயிரம் ரூபாய் கணக்கைத்தான் பலரும் தப்பாக புரிந்து கொள்கிறார்கள். கடைக்கு 5 ஆயிரம் ரூபாய் பாக்கி இருக்கிறது, முழுவதையும் ஒரே தடவையில் சில்லரையாக கொட்டினால், ஆயிரத்துக்கு மேல் நாணயமாக வாங்க முடியாது என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனால் வங்கியில் தன் கணக்கில் பணம் போடுகிறவருக்கு அந்த வரம்பு கிடையாது. வாடிக்கையாளர் நாணயமாக டெபாசிட் செய்ய உச்சவரம்பு எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுத்து இருக்கிறது.

அதுமட்டும் அல்ல. சின்ன மதிப்பு நோட்டுகளையும், நாணயங்களையும் எந்த கிளையும் வாங்க மறுக்கக் கூடாது என்று எல்லா வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கி பலமுறை சுற்றறிக்கை அனுப்பி இருக்கிறது. நாணயத்தை 100, 100 ஆக பிளாஸ்டிக் கவரில் போட்டு கொண்டு வந்தால் எண்ணுவதற்கு வசதியாக இருக்கும் என்றும் அதில் யோசனை சொல்லப்பட்டு உள்ளது.

கட்டணம் போடலாமா?

இங்குதான் குழப்பம் வருகிறது. எந்த சேவைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை அந்தந்த வங்கியின் இயக்குனர் குழுவே முடிவு செய்யலாம். ஒரு அளவுக்கு மேல் ரொக்கம் கட்டினால் 'கேஷ் ஹேண்ட்லிங் சார்ஜ்' என்ற பெயரில் பல வங்கிகள் பணம் பிடிக்கின்றன. குறிப்பாக கரண்ட் அக்கவுண்ட் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தும். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்.

ஆனால் அப்படி ஒரு கட்டணம் இருந்தால் அது வங்கியின் கட்டணப் பட்டியலில் இருக்க வேண்டும். கிளையிலும், வங்கியின் இணையதளத்திலும் அதை பார்க்க முடிய வேண்டும். எத்தனை ரூபாய் வரை இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்பது தெளிவாக இருக்க வேண்டும். பிடித்த பணம் பாஸ்புக்கில் தெரிய வேண்டும்.

பட்டியலில் இல்லாமல், "நூத்துக்கு ரெண்டு ரூபா குடுங்க, எண்ணி எடுத்துக்கிறோம்" என்று கவுண்ட்டரில் வாயால் கேட்டால் அதற்கு பெயர் கட்டணம் அல்ல. 2006-ம் ஆண்டின் வங்கி குறைதீர்ப்பாளர் திட்டத்தில், தக்க காரணம் இல்லாமல் நாணயத்தை வாங்க மறுப்பதும், அதற்கு கமிஷன் கேட்பதும் புகார் கொடுக்கத் தகுந்த விஷயங்களாக தனியாகவே குறிப்பிடப்பட்டு இருந்தன. 2021-ம் ஆண்டு நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் இப்படி தனித்தனி பட்டியலுக்கு பதிலாக 'சேவை குறைபாடு' என்ற ஒரே தலைப்பில் எல்லாமே அடக்கப்பட்டது.

வங்கிக்கு ஏன் கசக்கிறது?

வங்கி ஊழியர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 12 ஆயிரம் ரூபாயை 500 ரூபாய் நோட்டாக கொடுத்தால் 24 தாள். மெஷினில் போட்டால் கண் மூடி திறப்பதற்குள் எண்ணி முடித்துவிடலாம். அதையே 5 ரூபாய் நாணயமாக கொடுத்தால் 2 ஆயிரத்து 400 காசு. பெரும்பாலான கிளைகளில் நாணயம் எண்ணும் மெஷின் கிடையாது. கையால்தான் எண்ண வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். ஒன்று இரண்டு குறைந்தால் கேஷியர் கையில் இருந்து போட வேண்டும்.

எண்ணி வாங்கிய மூட்டையை வைக்க இடமும் வேண்டும். யாரும் கேட்டு வாங்காவிட்டால் அது லாக்கர் அறையில் தூங்கும். தேங்கிய நாணயத்தை 'கரன்சி செஸ்ட்' எனப்படும் பணப்பெட்டக கிளைக்கு அனுப்ப வண்டி, ஆள், காவல் என்று எல்லாமே செலவு.

இந்த சிரமத்துக்காகத்தான் மக்களுக்கு நாணயம் வினியோகிக்கும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஊக்கத்தொகை கொடுக்கிறது. மூட்டைக்கு 25 ரூபாயாக இருந்த இந்த தொகை 2021-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி முதல் 65 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராமம், சிறு நகரங்களில் வினியோகித்தால் மூட்டைக்கு 10 ரூபாய் கூடுதல்.

இன்னொரு பக்கம் அபராதமும் உண்டு. கையிருப்பு இருந்தும் பொதுமக்களுக்கு நாணயம் தராமல் திருப்பி அனுப்பினால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம். ஒரே கிளையில் 5 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் 5 லட்சம் ரூபாய் வரை போகும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது.

பெட்டி பெட்டியாக வாங்கும் அமெரிக்கர்கள்

நம்ம ஊரில் சில்லரையை கொண்டு போய் போடுவதில் பிரச்சினை என்றால், அமெரிக்காவில் சில்லரையை பெட்டி பெட்டியாக வாங்குவதிலேயே வங்கிகளுக்கும் மக்களுக்கும் இழுபறி நடக்கிறது.

அங்கு நாணயங்களை உருளையாக சுற்றி பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். அரை டாலர் பெட்டி என்றால் 20 நாணயம் கொண்ட 50 உருளை. மொத்தம் ஆயிரம் நாணயம், 500 டாலர். இதை வங்கியில் ஆர்டர் போட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக புரட்டிப் பார்க்கும் ஒரு கூட்டமே இருக்கிறது.

காரணம், வெள்ளி. 1964-ம் ஆண்டு வரை அச்சான 10 சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் 1970 வரை வந்த அரை டாலரில் 40 சதவீதம் வெள்ளி. அதில் ஒன்று சிக்கினால் முகமதிப்பை விட பல மடங்கு லாபம். சிக்காத மிச்சத்தை வேறு கிளையில் கொண்டு போய் கொட்டிவிடுவார்கள்.

கவச வண்டியில் பெட்டியை வரவழைக்க வங்கிக்கு செலவு. திரும்ப வரும் காசை அனுப்பவும் செலவு. "வாங்குறதும் நீங்க, திருப்பி கொட்டுறதும் நீங்க, செலவு மட்டும் எங்களுக்கா?" என்பதுதான் வங்கிகளின் கேள்வி. அதனால் பல வங்கிகள் பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்துவிட்டன. கணக்கு இல்லாதவருக்கு பெட்டியே கிடையாது என்று சொல்லும் கிளைகளும் உண்டு.

இந்தியாவிலும் மூட்டைக் கணக்கில் நாணயம் வாங்க முடியும். ஆனால் அதற்கு விதி வேறு. ஒரே தடவையில் ஒரு மூட்டைக்கு மேல் கேட்பவர்களுக்கு, வியாபார தேவைக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வாங்குபவர் அந்த வங்கியில் முறைப்படி அடையாள ஆவணம் கொடுத்த வாடிக்கையாளராக இருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று வங்கி குறித்து வைக்க வேண்டும். சில்லரையை அள்ளிப் போய் கமிஷனுக்கு விற்பதை தடுக்க இது உதவும்.

வெள்ளி கிடைக்குமா என்று இங்கே மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. இப்போது வரும் 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

10 ரூபாய் நாணயம்

சில்லரை பிரச்சினையில் பாதி, 10 ரூபாய் நாணயத்தால் வந்தது. 'ரூபாய் சின்னம் இல்லாதது போலி', '15 கோடு போட்டது செல்லாது' என்று கிளம்பிய வதந்தியால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர்களே இதை வாங்காமல் விட்டார்கள். கடைக்காரர் வாங்காததால் மக்கள் வாங்கவில்லை. மக்கள் வாங்காததால் வங்கியில் மூட்டையாக தேங்கியது.

2018-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி ரிசர்வ் வங்கி இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதுவரை 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வெளிவந்து உள்ளது, அத்தனையும் செல்லும் என்று அறிவித்தது. ரூபாய் சின்னம் அறிமுகமானதே 2010-ல்தான். அதற்கு முன்பு அச்சான நாணயத்தில் அந்த சின்னம் எப்படி இருக்கும்?

எனவே 10 ரூபாய் நாணயத்தை வங்கி வாங்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதிலும் மோசடி

'இந்த நாணயம் உங்களிடம் இருந்தால் லட்சக்கணக்கில் பணம்' என்று செல்போனில் வரும் தகவலும் உஷாராக பார்க்க வேண்டிய ஒன்று. பழைய நாணயத்தை விற்றுத் தருகிறோம், அதற்கு முன்பணமாக கமிஷன், வரி கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரிலேயே சிலர் பணம் பறித்தனர். இதில் தங்களுக்கு சம்பந்தம் இல்லை, இப்படி எந்த கமிஷனும் கேட்பதில்லை என்று 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

வியாபாரிகள் என்ன செய்யலாம்?

* ராத்திரியே சில்லரையை ரகம் பிரித்து, 100 நாணயம் வீதம் கவரில் போட்டு கட்டி வையுங்கள். 5 ரூபாய் கவர் என்றால் 500 ரூபாய், 10 ரூபாய் கவர் என்றால் ஆயிரம் ரூபாய்.

* மாதக்கணக்கில் சேர்த்து வைக்காமல் வாரம் ஒரு தடவை கொண்டு போங்கள். மூட்டை சின்னதாக இருந்தால் மறுப்பதற்கு காரணம் இருக்காது. சம்பள நாள், பென்ஷன் நாள்களை தவிர்ப்பது நல்லது.

* சார்ஜ் என்று சொன்னால், "எந்த பட்டியல்ல இருக்கு, காட்டுங்க சார்" என்று பணிவாக கேளுங்கள். பட்டியலில் இருந்தால் இலவச வரம்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு அதற்குள் கட்டலாம்.

* வாங்க மறுத்தால் முதலில் மானேஜரை பாருங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு கையெழுத்து வாங்குங்கள்.

* 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். இதற்கு செலவு கிடையாது. வக்கீலும் தேவை இல்லை. 14448 என்ற எண்ணில் பேசினால் விவரம் சொல்வார்கள்.

செல்போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் காலம் வந்துவிட்டாலும், டீ குடிக்கவும் கீரைக்கட்டு வாங்கவும் காசை எண்ணிக் கொடுக்கிறவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த காசும் அரசாங்க முத்திரை போட்ட பணம்தான். நூறு ரூபாய் சில்லரையை 95 ரூபாய்க்கு தள்ளிவிடுவதற்கு முன்பு, கடைக்காரர்கள் ஒரு தடவை கவரில் கட்டிக்கொண்டு வங்கி வரை போய் பார்க்கலாம்.