அப்பா, அம்மா இருவரும் ஆரஞ்சு... குட்டி மட்டும் வெள்ளை! எப்படி?

ஆண் பாம்பு ஆரஞ்சு நிறம். பெண் பாம்பும் ஆரஞ்சு நிறம். முட்டைகள் பொரிந்தபோது குட்டிகளில் ஒன்று மட்டும் வெள்ளை. கண்கள் சிவப்பு.

"அதெப்படி? ரெண்டுமே ஆரஞ்சுதானே?"

விடை, அறிவியல் வகுப்பில் வரையும் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கிறது.

எந்தப் பாம்பு?

கார்ன் ஸ்னேக் எனப்படும் சோளப் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. நஞ்சு இல்லை, சாதுவானது. அதனால் பல நாடுகளில் அதைச் செல்லப்பிராணியாக வளர்க்கின்றனர்.

சிங்கப்பூரில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை. ஆகவே ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். கணக்கை மட்டும் தெரிந்துகொள்வோம்!

நிறம் எப்படி மாறுகிறது?

இயல்பான சோளப் பாம்புக்கு ஆரஞ்சு உடல். முதுகில் கருப்பு ஓரமிட்ட சிவப்புத் திட்டுகள். அதில் ஏதேனும் நிறமி குறைந்தால் தோற்றமே மாறிவிடும்.

- கருப்பு நிறமி இல்லை: 'அமெல்'. சிவப்பும் ஆரஞ்சுமாக இருக்கும், கண்கள் சிவப்பு.
- சிவப்பு நிறமி இல்லை: 'அனெரி'. சாம்பலும் கருப்புமாக இருக்கும்.
- இரண்டுமே இல்லை: 'ஸ்னோ'. வெள்ளை, லேசான இளஞ்சிவப்பு.

1953இல் வட கரோலைனாவில் ஓர் அமெல் பாம்பு பிடிபட்டது. அதைக் கொண்டு இனப்பெருக்கம் செய்து, அந்த நிறம் எப்படித் தலைமுறை கடக்கிறது என்பதைக் காட்டியவர் பெர்னார்ட் பெக்டெல். அவர் ஒரு தோல் மருத்துவர்!

அதற்குக் காரணம் ஓசிஏ2 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தனர். அதே மரபணு மனிதர்களிடமும் உண்டு.

கட்டம் போடுவோம்

ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று அப்பாவிடமிருந்து, மற்றொன்று அம்மாவிடமிருந்து.

அமெல் ஓர் ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பாம்பு இயல்பாகவே தெரியும். ஆனால் அமெல் மரபணுவை ரகசியமாகச் சுமந்துகொண்டிருக்கும். அதைத்தான் 'ஹெட்' என்கிறார்கள்.

- அமெல் + இயல்பு: எல்லாக் குட்டிகளும் ஹெட். ஒன்றுகூட அமெலாகத் தெரியாது.
- அமெல் + ஹெட்: பாதி அமெல், பாதி ஹெட்.
- ஹெட் + ஹெட்: நான்கில் ஒன்று அமெல், இரண்டு ஹெட், ஒன்று இயல்பு.

அப்போ அந்த வெள்ளைக் குட்டி? அதன் பெற்றோர் இருவரும் அமெல், அனெரி இரண்டுக்குமே ஹெட். அமெல் ஆவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. அனெரி ஆவதற்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டும் சேர்ந்து அமைய, 16இல் ஒரு வாய்ப்பு.

16 முட்டை இட்டால் ஒரு ஸ்னோ நிச்சயமா?

இல்லை! ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாகப் பகடை உருட்டுவது போல. முந்தைய முட்டையில் என்ன வந்தது என்று அடுத்த முட்டைக்குத் தெரியாது. 16 முட்டைகளில் ஒரு ஸ்னோகூட வராமல் போக ஏறக்குறைய 36 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

விற்பனையாளர்கள் சொல்லும் '66% ஹெட்' என்பதிலும் பலர் குழம்பிவிடுவர். பாம்பு 66 விழுக்காடு ஹெட் என்று அர்த்தமில்லை. ஒன்று ஹெட், இல்லையென்றால் ஹெட் இல்லை. ஹெட் + ஹெட் ஜோடியின் குட்டிகளில் இயல்பாகத் தெரிபவை மூன்று பங்கு. அவற்றில் இரண்டு பங்கு ஹெட். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அந்த 66.

உறுதிசெய்ய ஒரு வழி, அந்தப் பாம்பை அமெலுடன் சேர்ப்பது. ஓர் அமெல் குட்டி பிறந்தாலே அது ஹெட் என்பது உறுதி. 10 குட்டிகளும் இயல்பாகவே பிறந்தால்? ஹெட்டாக இருந்தும் அப்படி நடக்க 1,024இல் ஒரு வாய்ப்புதான். இப்போது பாம்பு உரித்த தோலைக் கொண்டே சில மரபணுக்களைச் சோதிக்கவும் முடிகிறது.

நிறத்தோடு முடிவதில்லை

'ஸ்டார்கேஸர்' என்றொரு நரம்புக் குறைபாடு சோளப் பாம்புகளிடம் உண்டு. அந்தப் பாம்பால் நேராக ஊர முடியாது. தலை மேல்நோக்கித் திரும்பும், உடல் முறுக்கிக்கொள்ளும். 'சன்கிஸ்ட்' என்ற அழகிய நிற வகையின் வம்சங்களில் அது முதலில் கவனிக்கப்பட்டது.

அதுவும் ஒடுங்கு பண்புதான். பெற்றோர் இருவரும் முழு ஆரோக்கியமாகத் தெரியலாம். ஆனால் இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. அமெலுக்குப் போட்ட அதே கணக்கு!

அழகான நிறம் வேண்டும் என்று நெருங்கிய உறவுப் பாம்புகளையே திரும்பத் திரும்பச் சேர்த்தால், இப்படி மறைந்திருக்கும் குறைபாடுகளும் ஒன்றுசேர வாய்ப்பு கூடும்.

அதனால்தான் பொறுப்பான வளர்ப்பாளர்கள் "என்ன நிறம் வரும்?" என்பதோடு நிறுத்துவதில்லை. "கூடவே வேறென்ன வரும்?" என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு, முட்டையிலிருந்து வரப்போகும் குட்டியால் பதில் சொல்ல முடியாது. ஜோடி சேர்ப்பவர்தான் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.