சாணம் நெருப்பாவது எப்படி?



வ. புதுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளுக்குக் குறைவில்லை. சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் அதன் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது. அதே சாணத்தைக் காற்றுப் புகாத கலனில் அடைத்து வைத்தால் புகையில்லாமல் எரியும் வாயு கிடைக்கிறது. மீதியாகும் சாணக் குழம்பு வயலுக்கு உரமாகிறது. இந்த மாற்றத்தைச் செய்வது யார்?

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. இவை மாட்டின் வயிற்றிலிருந்து சாணத்தோடு வந்துவிடுகின்றன. ஆனால் ஒரே வகையால் இந்த வேலை முடியாது. முதல் கூட்டம் சாணத்திலுள்ள நார், மாவுச்சத்து, கொழுப்பு ஆகியவற்றை உடைத்துக் கரைக்கிறது. இரண்டாவது கூட்டம் அவற்றைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களிலிருந்து அசெட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கரியமில வாயு ஆகியவற்றை உண்டாக்குகிறது. நான்காவது கூட்டம் இவற்றை மீத்தேனாக மாற்றுகிறது. கலனிலிருந்து வரும் வாயுவில் பாதிக்கு மேல் இந்த மீத்தேன்தான்.

மூன்றாம் கூட்டம் வெளிவிடும் ஹைட்ரஜன் தேங்கிவிட்டால் அதன் வேலையே நின்றுபோகும். மீத்தேன் கூட்டம் அதை உடனுக்குடன் உண்டு தீர்ப்பதால்தான் இரண்டும் பிழைக்கின்றன. ஒன்றின் கழிவு மற்றொன்றின் ஆகாரம்! விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஒரே உயிர் என்று எண்ணிவந்த ஒரு நுண்ணுயிர், உண்மையில் இப்படிச் சேர்ந்து வாழும் இரண்டு உயிர்கள் என்பது 1967-ல்தான் தெரியவந்தது.

மீத்தேன் கூட்டம் மெதுவாகவே பெருகும். ஒரேயடியாக அதிகச் சாணத்தைக் கொட்டினால் அமிலம் மிஞ்சி, கலன் புளித்து, வாயு நின்றுவிடும். ஆகவே சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து, நாள்தோறும் அளவாக ஊற்றவேண்டும். பினாயில் கலந்த தண்ணீரை உள்ளே விடக்கூடாது. அது நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

நம் நாட்டில் இந்த வாயுவை முதன்முதல் பயன்படுத்திய இடங்களில் ஒன்று பம்பாய் மாட்டுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லம். 1897-ல் அங்கே கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கெரித்தார்கள். ஊர் ஒதுக்கிவைத்தவர்களுக்கு, ஊர் ஒதுக்கும் பொருளே வெளிச்சம் தந்தது.

ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கலன் கட்டிக்கொடுப்பது நல்ல உதவி. அதற்கு அளவாகத் தீனி கொடுக்கும் முறையையும் கற்றுக்கொடுத்தால்தான் அந்த வீட்டு அடுப்பு நீடித்து எரியும்.