பழைய லோடு வண்டி வாங்கப் போறீங்களா? பின் ஆக்சிலைப் பார்க்காம பணம் கொடுக்காதீங்க!

நாகை மாவட்டம் கோடியக்கரையில் அக்டோபர் முதல் மார்ச் வரை மீன்பிடி சீசன். படகுகளைக் கரைக்கு இழுக்க டிராக்டர், மீன் ஏற்ற லோடு வேன், பக்கத்தில் அகத்தியம்பள்ளி உப்பளத்துக்கு லாரி என்று வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாமே உப்பில் ஓடும் வண்டிகள். இப்படிக் கடற்கரையில் ஓடிய வண்டி விற்பனைக்கு வந்தால், பெயின்ட் பளபளப்பைவிட பின்பக்கம் குனிந்து பார்ப்பதுதான் முக்கியம்.

பின் ஆக்சில் என்ன வேலை செய்யுது?

இன்ஜின் சுழற்சி கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்சிலுக்கு வரும். ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தெரியும் கூட்டுக்குள் சின்ன பினியனும் பெரிய கிரவுன் வீலும் இருக்கின்றன. இவை சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகின்றன. கூடவே இருக்கும் டிஃபரன்ஷியல், வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிறது. மணலில் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதும் இதனால்தான். டிராக்டரில் டிஃபரன்ஷியல் லாக் பெடல் இருப்பது அதுக்காகத்தான்.

எந்த ஆக்சில்னு எப்படி கண்டுபிடிப்பது?

முதலில் கூட்டின் மேல் தகடோ, பொறித்த எண்ணோ இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இல்லையென்றால் எண்ணிப் பார்க்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. பழைய வில்லிஸ் ஜீப்பில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். வகுத்தால் சுமார் 5.38.

இது ஏன் முக்கியம்? பழைய இரும்புக் கடையிலிருந்து வேறு ரேஷியோ ஆக்சிலை மாட்டியிருந்தால் இழுவையும் மைலேஜும் மாறும். ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் முன், பின் ரேஷியோ ஒத்துப்போகாவிட்டால் கெட்டியான ரோட்டில் கியர்களே உடையலாம்.

உப்புத் தண்ணீர் எப்படி உள்ளே போகுது?

ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள பிரீதர் அடைத்திருந்தால், தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பேரிங்கும் பல்லும் துருப்பிடிக்கும்.

பணம் கொடுக்கும் முன்...

* வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆக்சிலின் ஃபில்லர் பிளக்கைத் திறங்க. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கு. மினுமினு இரும்புத் துகள் தெரிந்தால் பல் தேயுது.
* ஓட்டிப் பாருங்க. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஊளைச் சத்தம் மாறினால் கிரவுன், பினியனைச் சந்தேகப்படுங்க.
* முன்னும் ரிவர்ஸும் மாற்றும்போது 'டக்'னு அடித்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்க.

ஆயில் மாற்றும் செலவு கொஞ்சம்தான். கிரவுன், பினியன் செட் மாற்றுவது பெரிய செலவு. ஆயில் வெளுத்திருந்தால் ஒரு மெக்கானிக் கூட்டைத் திறந்து பார்த்த பிறகே விலை பேசுங்க.