ஆற்றங்கரைக் காற்றும் மழையும்

விடியுமுன் எழுந்து, இன்று மரம் வெட்டலாமா என்று வானத்தை அண்ணாந்து பார்ப்பது தோட்டத் தொழிலாளர்களின் அன்றாட வழக்கம். பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையெனில் அன்றைய வருமானமும் குறையும். மழை சில இடங்களில் பிற்பகலிலும் வேறு சில இடங்களில் விடியற்காலையிலும் பெய்வது ஏன்? இதற்குத் தெளிவான விடை, நம் ரப்பர் மரத்தின் பிறந்தகமான அமேசான் ஆற்றுப் படுகையில் கிடைக்கிறது.

பிரேசில் நாட்டில் அமேசானுடன் கலக்கும் பேராறுகளுள் ஒன்று தாப்பஜோஸ். அதன் கரைக் காடுகளிலிருந்துதான் 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டி இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு, கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அந்தத் தாப்பஜோஸ், சந்தாரெம் நகருக்கு மேற்புறத்தில் சில இடங்களில் 15 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலம் உடையது. கரையில் நிற்பவருக்கு மறுகரை ஒரு மெல்லிய கோடாகவே தோன்றும். இத்துணைப் பெரிய நீர்ப்பரப்பு தனக்கென ஒரு காற்றையே உண்டாக்கிக்கொள்கிறது.

அது எங்ஙனம்? நண்பகலில் லயத்தின் தகரக் கூரையைத் தொட்டால் கை சுடும்; அருகிலுள்ள தொட்டி நீரோ குளிர்ந்திருக்கும். விடியற்காலையில் தகரம் சில்லென்றிருக்க, நீர் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும் இயல்புடையது. பகலில் கரையிலுள்ள நிலமும் காடும் விரைந்து சூடேறுகின்றன. அங்குள்ள காற்று வெப்பமடைந்து மேலெழும்ப, அவ்விடத்தை நிரப்ப ஆற்றின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரையை நோக்கி வீசுகிறது. உயரத்தில் காற்று ஆற்றின் பக்கம் திரும்பி, அதன் மேல் கீழிறங்குகிறது. மேலெழும் காற்றிலேயே முகில் திரளும். கீழிறங்கும் காற்றில் முகில் கரையும். ஆகவே பிற்பகலில் எடுக்கப்படும் செயற்கைக்கோள் படங்களில், காட்டின் மேல் பஞ்சுப் பொதிகள் போல் முகில்கள் நிறைந்திருக்க, ஆறுகளின் வழி மட்டும் மேகமற்ற பாதையாகத் தெளிவாகத் தெரிகிறது.

இதனோடு மற்றொரு காற்றும் சேர்கிறது. அப்பகுதியில் கிழக்கிலிருந்து வாணிபக் காற்று வீசுகிறது. தாப்பஜோஸின் கிழக்குக் கரையில் ஆற்றுக்காற்று அதற்கு எதிராகப் புறப்பட, இரண்டும் மோதி மேலெழுகின்றன. அங்கே முகில்கள் கரைக்கு இணையாக வரிசையாய் எழும்புகின்றன.

இரவில் நிலைமை மாறுகிறது. நிலம் குளிர்ந்துவிட, காற்று கரையிலிருந்து ஆற்றை நோக்கி வீசுகிறது. இரு கரைகளிலிருந்தும் வரும் காற்று ஆற்றின் மேல் கூடி மேலெழும்போது, அங்கே இரவு மழைக்கு வழி ஏற்படுகிறது. இதனால் ஆற்றோரத்தில் பிற்பகல் மழை குறைவு. இரவு மழை மிகுதி. மழைமானிகள் பெரும்பாலும் ஆற்றங்கரை ஊர்களிலேயே வைக்கப்படுவது வழக்கம். அவற்றை மட்டும் நம்பி உட்காட்டின் மழையைக் கணக்கிட்டால் கணக்குப் பிழைபடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர். பயிரிடுவோர்க்கு இது சிறு பிழையன்று. இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பதே ரப்பரின் கொடிய பகையான தென்னமெரிக்க இலைக்கருகல் நோயின் பரவலைத் தீர்மானிக்கிறது. 1928இல் தாப்பஜோஸ் கரையில் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய பெருந்தோட்டத்தை வீழ்த்தியவற்றுள் முதன்மையானது அந்நோயே.

நம் பேராக், பகாங் ஆறுகள் இவ்வளவு அகலமானவை அல்ல. அவற்றால் எழும் காற்று மிக மெல்லியது. ஆனால் அதே வேலையை இங்கே மலாக்கா நீரிணை பேரளவில் செய்கிறது. இரவில் சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் நிலக்காற்று நீரிணையை நோக்கி வீசி, அதன் மேல் சந்தித்து இடிமுகில்களை எழுப்புகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், தென்மேற்குக் காற்று இம்முகில் வரிசையைக் கிழக்கே தள்ள, விடியுமுன் மேற்குக் கரையோரத் தோட்டங்களில் புயற்காற்றுடன் பெருமழை கொட்டுகிறது. ‘சுமத்ரா’ என்று நாம் அழைப்பது இதனைத்தான். பெரும்பாலும் இரண்டொரு மணி நேரத்தில் அது ஓய்ந்துவிடும். ஆயினும் பட்டை காயும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது; ஈரப்பட்டையில் வெட்டினால் பால் மங்கில் விழாமல் மரத்தின் மேலேயே பரந்து வழிந்துவிடும்.